முதல்ல கிரீடத்தைப் பாரு மருமவனே

என்னடே மருமவனே, எலன் டெர்ரிங்கிற நடிகையோட ஓவியத்துக்கு விளக்கவுரை எழுதியிருக்கியாமே? 'கண்களில் ஆழ்ந்த சோகம்'னு ஆரம்பமாம். நல்லாத்தான் இருக்கு. எருமைமாட்டுப் படத்துக்குக்கூட அந்த வரி பொருந்தும்.

மாமனும் அரிச்சந்திரன் வேசம் கட்டுனவன்தான். மயான காண்டத்துல சனத்தை அழவிட்டுட்டு, படுதாவுக்குப் பின்னால போய் பீடி பத்தவைப்பேன். அந்நேரம் எவனாச்சும் என்னை வரைஞ்சிருந்தா, 'தியாகத் திருவுரு'ன்னு எழுதியிருப்ப நீ.

விசயத்துக்கு வாறேன். 1888 கடைசியில லண்டன் லைசியம் தியேட்டர்ல 'மேக்பெத்' போட்டாங்க. ஹென்றி இர்விங் மேக்பெத். இந்தம்மாவுக்கு மேக்பெத் பெண்டாட்டி வேசம். அதைப் பார்த்துட்டு ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் மறு வருசமே இந்தப் படத்தை வரைஞ்சாரு. ஏழடிக்கு மேல உசரம். இப்போ லண்டன் டேட் காட்சியகத்துக்குச் சொந்தம்.

படத்தை உத்துப் பாரு. ரெண்டு கையாலயும் கிரீடத்தைத் தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கா. நாடகத்துல அந்தக் கட்டம் எங்கடே வருது? விளக்கு வச்சுத் தேடினாலும் கிடைக்காது. சார்ஜென்ட் சொந்தமாச் சேர்த்தது. மேடையில இந்தம்மா மேக்பெத் பெண்டாட்டியைப் புருசன் மேல உசுரா இருக்கிறவளா நடிச்சா. கொலைக்குத் தூண்டுறவளுக்கு இம்புட்டு மென்மை ஆகுமான்னு விமர்சகர்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சாங்க. படத்துலயோ, மனசுல கிடந்த ஆசை கைக்கு வந்திருச்சு. நடிப்புல காட்ட ஆசைப்பட்டதெல்லாம் இதுல இருக்குன்னு அந்தம்மாவே பின்னால எழுதி வச்சிருக்கா.

அப்புறம் அந்த உடுப்பு. பச்சையா மினுங்குறது வண்டு றெக்கை. சின்னப்புள்ளையில தீப்பெட்டிக்குள்ள பொன்வண்டு வளர்த்தியே, அந்த மாதிரி வண்டோட றெக்கையை வரிசை வரிசையாத் தச்சிருக்கு. பார்க்கிறவனுக்குப் பாம்புச் செதில் ஞாபகம் வரணும்னு செஞ்சது. நீ என்னடான்னா, 'பசுமை நம்பிக்கையின் குறியீடு'ன்னு போட்டிருக்க! பாம்பைப் பார்த்துப் பசும்புல்லுன்னவன் நீ ஒருத்தன்தான்.

மாமன் சொல்லுதேன், கேட்டுக்க. நடிகை படம் கையில வந்தா, என்ன வேசம்னு முதல்ல விசாரி. பிறகு அந்த நாடகத்தைப் படி. படத்துல இருக்கிற, ஆனா நாடகத்துல இல்லாத விசயம் எதுன்னு தேடு. ஓவியன் சொந்தமாப் பேசுறது அந்த இடத்துலதான். முகத்தை மட்டும் பார்த்து எழுதினா, உன் மூஞ்சியைத்தான் எழுதுவ.

அதுக்காக சோகத்தை அடிச்சிராத. கடைசி வரியில இருந்துட்டுப் போகட்டும். பரிசு குடுக்கிற கமிட்டிக்காரங்க அதைத்தான் தேடுவாங்க.