நகரும் வாகனத்துள் தந்தையர் உரை: ஸ்ட்ரெதம் ஹை ரோட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

புலம்பெயர் தமிழ்த் தந்தையர் தம் மக்களுக்கு வாழ்க்கைப் பாடம் உரைப்பது கார் ஓடும்போது மட்டுமே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். வீட்டு வரவேற்பறையில் அவ்வுரை நிகழ்ந்தமைக்குச் சான்று கிட்டவில்லை. அங்கே டிவி உண்டு, இடையில் புகுந்து திருத்த அம்மா உண்டு, எழுந்து போவதற்கு மாடியும் உண்டு. காரில் சீட் பெல்ட் உண்டு. கேட்போரைக் கட்டிப்போட்டு உரைக்கும் இம்மரபு தமிழ்க் கல்வி வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது எனலாம்.

இச்சிறு பொருளுக்கு இத்தனை மேற்கோள் எதற்கு என்பார்க்கு ஒரு விளக்கம். சென்ற தவணையில் யாம் எழுதிய வரலாற்றுக் கட்டுரையை விரிவுரையாளர் ஒருவர் ஓரமெங்கும் 'சான்று?' என்று எழுதித் திருப்பித் தந்தார். தேம்ஸ் ஆறு லண்டன் வழியாக ஓடுகிறது என்ற வாக்கியத்துக்குக் கீழேயும் அக்கேள்விக்குறி இருந்தது. ஆகவே இக்கட்டுரையில் மூச்சு விடுவதற்கும் சான்று காட்டப்படும். (யாம் என்பது நான். இரண்டாம் ஆண்டு மாணவர் 'நான்' என்று எழுதினால் மதிப்பெண் குறையும்.)

ஆய்வுக் களம்

ஸ்ட்ரெதம் தென் லண்டனில், பெரும்பாலும் லாம்பெத் மாநகரசபைக்கு உட்பட்டது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் இவ்வூர் இடம்பெறுகிறது. அப்பாவைப் பற்றிய குறிப்பு அதில் இல்லை. ஊரை நெடுக்காகப் பிளந்து செல்லும் ஹை ரோட், ரோமானியர் போட்ட பாதையின் மேல் கிடக்கிறது. இன்று ஏ23 என்ற எண் தாங்கிப் பிரைட்டன் கடற்கரை வரை போகிறது. 2002இல் பிபிசி வானொலி நேயர்கள் இதைப் பிரித்தானியாவின் மிக மோசமான தெருவாக வாக்களித்துத் தெரிவு செய்தனர். வாக்களித்தோர் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரா பக்கத்து இருக்கையில் இருந்தவரா என்பது மேலாய்வுக்குரியது.

ஊரில் ஸ்ட்ரெதம், ஸ்ட்ரெதம் ஹில், ஸ்ட்ரெதம் கொமன் என மூன்று ரயில் நிலையங்கள் உள. பாதாள ரயில் இல்லை. 1971இல் விக்டோரியா பாதை பிரிக்ஸ்டன் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. இன்னும் சில மைல் தெற்கே தோண்டியிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. பாதாள ரயிலைப் பிடிக்கப் பிரிக்ஸ்டன் வரை போயாக வேண்டும். டிராம்களுக்குப் பதிலாக 1951இல் விடப்பட்ட 109ஆம் இலக்க பஸ் அவ்வழியே இன்றும் ஓடுகிறது. அதன் மேல்தட்டில் முன் சீட் கிடைத்தால் அதைவிட நல்ல பயணம் இல்லை. எனினும் 'போற வழியில இறக்கிவிடுறன், ஏறு' என்பதே நடைமுறை (அப்பா, வாசற்படி, திறப்பைத் தேடியபடி). அவர் வேலைக்குப் போவது குரொய்டனுக்கு. குரொய்டன் தெற்கே, பிரிக்ஸ்டன் வடக்கே. 'போற வழி' என்பதைப் புவியியலால் விளக்க முடியாது.

வாகனம் பற்றி ஒரு குறிப்பு. 2023 ஆகஸ்டில் யூலெஸ் எனும் புகைக் கட்டண வலயம் லண்டன் முழுவதற்கும் விரிக்கப்பட்டது. பழைய டீசல் கார் அசைந்தால் நாளுக்கு 12.50 பவுண். அப்பா அதை விற்று ஹைபிரிட் வாங்கினார். டீசல் காலத்து உரைகளில் பாதி இஞ்சின் இரைச்சலில் அழிந்துபட்டன. ஹைபிரிட்டில் ஒரு சொல்லும் சிதையாமல் கேட்கிறது. சுற்றுச்சூழல் கொள்கையின் இவ்விளைவை மேயர் அலுவலகம் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

முன்னோர்

வாகன உபதேசத்தை ஸ்ட்ரெதமுக்குத் தமிழர் கொண்டுவந்தனர் என்பது பிழை. 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பியர் வடிசாலை முதலாளி ஹென்றி த்ரேலும் மனைவி ஹெஸ்டரும் இவ்வூரில் வைத்திருந்த ஸ்ட்ரெதம் பார்க் மாளிகைக்கு 1760களின் நடுவில் வரத் தொடங்கி, 1782 வரை வீட்டாளாகவே இருந்து பேசினார். 1774இல் அக்குடும்பத்தோடு வேல்ஸுக்கும், அடுத்த ஆண்டு பிரான்ஸுக்கும் குதிரை வண்டியில் போனார். இரு பயணத்திலும் த்ரேல் தம்பதியின் மூத்த மகள் குவீனி உடன் சென்றாள். வேல்ஸுக்குப் புறப்பட்டபோது அவளுக்குப் பத்து வயது நிரம்பவில்லை. வேல்ஸ் பயணத்தைப் பற்றி ஜான்சனும் குறிப்பு எழுதினார், ஹெஸ்டரும் எழுதினார். ஜான்சன் எங்கே என்ன சொன்னார் என்று ஆராய்ந்தே ஓய்வூதியம் வரை போன பேராசிரியர்கள் உண்டு. அந்தப் பிள்ளை வண்டியின் எந்தப் பக்கம் இருந்தாள், யன்னலால் எதைப் பார்த்தாள் என்று கேட்போர் அரிது. எம் ஆய்வு குவீனியின் கட்சி.

ஜான்சன் ஒக்ஸ்போர்டில் காசில்லாமல் பட்டம் முடிக்காது வெளியேறியவர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. 'டாக்டர்' என்பது டப்ளின் 1765இலும் ஒக்ஸ்போர்ட் 1775இலும் மரியாதைக்குக் கொடுத்தது. இச்சான்றை யாம் அப்பாவின் முன் வைத்தோம். 'அவர் டிக்‌ஷனறி எழுதினவர். நீ அசைன்மென்ட்டையே நேரத்துக்குக் குடுக்கிறேல்லை' என்றார் (அப்பா, செயின்ட் லியோனார்ட் தேவாலயச் சந்தி, சிவப்பு விளக்கு). மறுக்கமுடியாத ஆதாரம்.

திணைப் பகுப்பு

நிலத்துக்கேற்ப ஒழுக்கம் மாறும் என்ற தொல்காப்பிய நெறி இச்சாலைக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. அதற்காகத்தான் தொல்காப்பியர் எழுதினாரோ என்று ஐயுறவும் இடமுண்டு. இதைவிட மெலிந்த ஆதாரத்தில் முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டுள்ளன.

குறிஞ்சி: ஸ்ட்ரெதம் ஹில். இத்திணைக்குரிய ஒழுக்கம் பற்றி அப்பாவோடு பேசுவது வழக்கில்லை.

மருதம்: ஊடல். டூட்டிங்குக்கு மரக்கறி வாங்க அம்மாவும் காரில் ஏறும் சனிக்கிழமைகளில் நிகழ்வது. பார்க்கிங் கிடைக்கும்வரை நீடிக்கும்.

நெய்தல்: இச்சாலை பிரைட்டனில் கடலைத் தொடுகிறது. அப்பா கடற்கரைக்குப் போவதில்லை.

முல்லை: ஸ்ட்ரெதம் கொமன். பச்சைப் புல்வெளி, ஓரத்தில் அசையாத வாகன வரிசை, ஒழுக்கம் காத்திருத்தல். 'வாழ்க்கையில முதல் வேண்டியது பொறுமை' என்ற உரை இங்கே பிறக்கிறது (அப்பா, கொமன் ஓரம், முதல் கியர், அடுத்த வரியில் ஹோர்ன், நீண்ட ஒலி, அதற்கடுத்த வரி அச்சுக்கு ஏற்றதன்று).

பாலைக்குத் தனி நிலம் இல்லை. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. இதற்கு உரையாசிரியர் காட்டாத உதாரணம் ஒன்றை யாம் கண்ணால் கண்டோம். 2023 அக்டோபரில் லாம்பெத் சபை, ஸ்ட்ரெதம் வெல்ஸ் வட்டாரத்துச் சிறு தெருக்களுக்குள் கார்கள் குறுக்கறுத்து ஓடுவதைத் தடுத்தது. நோக்கம் நல்லது. பிள்ளைகள் தெருவில் நடக்கலாம், சைக்கிள் ஓடலாம். ஆனால் அங்கே ஓடிய கார்கள் ஆவியாகிப் போகவில்லை. ஹை ரோட்டுக்கு வந்தன. மூன்று மைல்கூட இல்லாத தூரத்துக்கு ஒரு பஸ் இரண்டு மணி நேரம் எடுத்ததாகச் செய்தி வெளியானது. ஹில்லும் கொமனும் ஒருங்கே திரிந்தன. மேயர் தலையிட்டு, 2024 மார்ச்சில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அந்த மாதங்களை வாகன உபதேசத்தின் பொற்காலம் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. சாதாரண நாளில் பிரிக்ஸ்டன் வருமுன் ஒரு பாடமே சொல்லி முடியும். அப்போது வரிசையாக வந்தன: பென்ஷனை இருபது வயதிலேயே தொடங்குவது, கிரெடிட் கார்ட்டை முழுதாகக் கட்டுவது, ஹரோவில் வீடு வாங்கிய ஒன்றுவிட்ட தம்பி, பிறகு அதே தம்பியின் கொலஸ்ட்ரோல். எல்லாம் சொல்லித் தீர்ந்து ஒருநாள் காரில் பேச்சு நின்றது. வரிசை நகரவில்லை. அப்போதுதான் அவர், கண்ணாடிக்கு அப்பால் நின்ற பஸ்ஸைப் பார்த்தபடி, கிளாலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

பாடபேதம்

அறியாதார்க்கு: 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற விரும்பியோர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் சிறு படகுகளில் கடந்தார்கள். கடற்படையின் சூட்டில் செத்தவர்கள் பலர். அப்பா அவ்வழியாக வந்தவர்.

அக்கதைக்கு எமக்குக் கிடைத்தவை மூன்று பிரதிகள். ஸ்ட்ரெதம் பிரதியில் படகில் பன்னிரண்டு பேர். ஸ்காபரோ பிரதியில் இருபது (பெரியப்பா, வாட்ஸ்அப் குரல்பதிவு, பின்னணியில் பிரஷர் குக்கர், மூன்றாவது விசிலில் 'இருபத்தி' என்பதன் பின் எழுத்துகள் சிதைந்துள்ளன, இருபத்தைந்தாகவும் இருக்கலாம்). பாரிஸ் லா சப்பல் பிரதி எண்ணிக்கையே தரவில்லை, 'எண்ணிக்கொண்டோ இருந்தனாங்கள்?' என்று எதிர்வினா எழுப்புகிறது (மாமி, மரக்கறிக் கடை வரிசை, வீடியோ அழைப்பு, முகத்துக்குப் பதில் காது மட்டும் தெரியும் கோணம், நடுவில் முருங்கைக்காய் விலை குறித்த நீண்ட இடைச்செருகல், அது மூலத்தைச் சேர்ந்ததன்று எனத் துணியலாம்).

ஸ்ட்ரெதம் பிரதியில் அப்பா ஏ.எல். சான்றிதழைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்தார். ஆகவே படிப்பே பெரிது. ஸ்காபரோ பிரதியில் அவர் கையிலிருந்தது வவுனியாவில் உள்ள பெரியம்மாவுக்கு ஒரு போத்தல் நல்லெண்ணெய். ஆகவே குடும்பமே பெரிது. லா சப்பல் பிரதியில் அவர் கரை சேரும்வரை சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து பெறப்படும் நீதி எதுவுமில்லை. எளிய பாடத்தைவிடக் கடினமான பாடமே மூலத்துக்கு நெருங்கியது என்பது ஐரோப்பியப் பதிப்பாசிரியர் விதி. தம்மைப் பெருமைப்படுத்தாத செய்தியை ஒருவர் கட்டிவிடார். எனவே சத்தியே மூலபாடம்; சான்றிதழும் எண்ணெயும் பிற்காலத்தார் சேர்த்தவை. இம்முடிவை அப்பா ஏற்கவில்லை. 'மாமி வேற படகு' என்றார் (அப்பா, பிரிக்ஸ்டன் ஹில், சினத்துடன், இண்டிகேட்டர் போடாமல் திரும்பியவாறு).

எண்ணிக்கை கூடிக் குறைவதை வைத்துப் பெரியப்பாவைப் பொய்யர் என்போரும் உளர். தொல்காப்பியத்தின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னுக்கு இழுப்பவரும் பின்னுக்குத் தள்ளுபவரும் ஒரே மேடையில் பொன்னாடை வாங்குகிறார்கள். படகில் எட்டுப் பேரைக் கூட்டியது அவ்வளவு பெரிய குற்றமோ? கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை எங்கள் சிறுப்பிட்டியில் பிறந்தவர். செல்லரித்த ஏடுகளைத் தேடி அவர் எத்தனை பேரைக் கெஞ்சியிருப்பார். எமக்குச் செல் இல்லை, செல்போன் உண்டு. அழைத்தால் எடுக்கமாட்டார்கள், எடுத்தால் 'சாப்பிட்டியா' என்பதைத் தாண்டமாட்டார்கள். சிரமம் ஒன்றுதான்.

ஏடு ஒடிந்த இடத்தில் பதிப்பாசிரியர் புள்ளி இட்டுச் செல்வது மரபு. மூன்று பிரதியிலும் ஓரிடம் ஒரேபோல ஒடிந்திருக்கிறது. அடுத்த படகில் சின்ன மாமா ஏறினார் என்பது வரை மூன்றும் ஒத்துப்போகின்றன. அதன்பின் . . . . . . இவ்விடத்தில் ஸ்ட்ரெதம் பிரதி 'சரி இறங்கு, லேட்டாகுது' என்று முடிகிறது. அப்போது கார் நின்றுகொண்டிருந்தது. பிரிக்ஸ்டன் நிலையம் வர இன்னும் அரை மைல் இருந்தது. யாம் இறங்கி நடந்தோம்.

சுருங்கிய வடிவம்

நீண்ட உரை ஒன்று சூத்திரமாகச் சுருங்குவது ஹீத்ரோவில் காணக்கிடைக்கிறது. புறப்பாட்டு வாசலில் ஆளை இறக்கிவிட 2021 நவம்பர் முதல் கட்டணம் உண்டு. முதலில் 5 பவுண், பிறகு ஏறியது. 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததைப் பத்திரிகையில் இருமுறை படித்தவர் அப்பா. ஏறிப் பார்த்தவர் அல்லர். அக்கா தனியே ஊருக்குப் புறப்பட்டபோது, சவுத் சர்க்குலர் முழுவதும் பேசாமல் வந்தவர், வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, 'பாஸ்போட் கவனம். ரெயினில யன்னல் பக்கம் இரு' என்றார் (அப்பா, இஞ்சின் அணைக்காமல்). அக்கா அழுததற்குக் காரணம் யாதென உரையாசிரியர்கள் மாறுபடுவர்.

கேட்போர் மறுமொழி

'ஓம் அப்பா.'

அறிஞருக்கு வேண்டுகோள்

இக்கட்டுரை பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் வாசிக்கப்படவிருந்தது. கட்டணம் கட்டினால் வராமலே சான்றிதழ் அனுப்புகிறோம் என்று ஏற்பாட்டாளர்கள் பெருந்தன்மையோடு எழுதினார்கள். அந்தக் காசில் காருக்கு இரண்டு வைப்பர் வாங்கப்பட்டது. ஆய்வில் குறை காண்போர் மறுப்பு எழுதுமுன், ஒரு வேலைநாள் காலையில் கொமனுக்குத் தெற்கே எங்கள் வாசலுக்கு வந்து, பிரிக்ஸ்டன் வரை அப்பாவோடு ஒருதரம் போய்வருமாறு கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் எந்தத் திசைக்குப் போவதாயிருந்தாலும் அது அவர் போகும் வழிதான். முன் சீட் காலியாக இருக்கும். பெல்ட்டைப் போட்ட பிறகு கேள்வி எதுவும் கேட்க வேண்டாம்.