பல் இல்லாத பிரேஸ்

கேள்வி: தாத்தா காலத்து, கையால் சுற்றித் துளையிடும் பிரேஸில் இப்போதைய டிரில் பிட்டை மாட்டினால், கைப்பிடி சுற்றுகிறது, பிட் சும்மா நிற்கிறது. பிரேஸைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

பதில்: ஐயோ, பிரேஸ் என்ன பாவம் செய்தது! அதன் சக்கில், அதாவது பிட்டைக் கவ்வும் வாயில், இருப்பது இரண்டே தாடைகள். 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் பார்பர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. வால் பக்கம் சதுரமாகச் சரிந்து குறுகும் பழைய பிட் என்றால் உடும்புப் பிடி. நீங்கள் கொடுத்திருப்பதோ உருண்டைத் தண்டு. பொக்கை வாய்ப் பாட்டியிடம் முறுக்கை நீட்டிய கதைதான்.

விரைவு மாற்று சக் ஒன்று வாங்குங்கள். பின்னால் சதுர வால். அது பிரேஸின் தாடைக்கு. முன்னால் கால் அங்குல அறுகோணக் குழி. வளையத்தை இழுத்து, அறுகோணத் தண்டு பிட்டைச் செருகி விட்டால், உள்ளிருக்கும் குண்டுமணி அளவு இரும்புக் குண்டு தண்டின் பள்ளத்தில் போய் உட்காரும். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உருண்டைத் தண்டு பிட்டுகளை மட்டும் மின் டிரில்லுக்கே விட்டுவிடுங்கள்.

இதே சக்கில் திருகு பிட்டை மாட்டித் திருகு முடுக்கும்போது கை அடங்கட்டும். பிரேஸின் வளைந்த கைப்பிடிக்கு வலு அதிகம். பித்தளைத் திருகு என்றால் தலை தனியே கையோடு வந்துவிடும். என்னிடம் அப்படி நாலைந்து தலைகள் இருக்கின்றன.