மச்சான் என்பவர் உறவினரா, ஒப்பந்ததாரரா?

அனுப்புநர்:
வீட்டுவரி பாக்கி இல்லாத ஒரு லுங்கி வியாபாரி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 9.

பொருள்: அன்பளிப்பு, உறவுமுறை – விதிகளில் தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

இது புகார் மனு அல்ல. புகார் என்றால் ரசீது கேட்க வேண்டும். ரசீது என்றால் அதற்கொருவரைக் கவனிக்க வேண்டும். எனக்கு இருப்பது சந்தேகம் மட்டுமே. எங்கள் நகராட்சியைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. எங்கோ ஓர் ஊரில் நடப்பதாக நினைத்துப் படிக்கவும்.

2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து என் தூக்கம் போய்விட்டது. வாங்குகிறவரோடு கொடுக்கிறவனும் இப்போது குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் போலீசில் சொல்லித் தப்பிக்கலாமாம். ஐயா, எங்களை யாரும் கட்டாயப்படுத்துவதில்லையே! "பார்த்துச் செய்யுங்க" என்பார்கள். நாமும் பார்ப்போம், செய்வோம். எட்டாம் நாள் குற்றவாளி ஆவோம்.

ஆகவே எதைக் கொடுக்கலாம் என்று நீங்களே சொல்லிவிட்டால் நல்லது. பார்வையில் கண்ட விதிகளுக்கு அண்ணன் முறையான, மத்திய அரசு ஊழியருக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளைப் புரட்டிப் பார்த்தேன். 13ஆம் விதியின்படி, போகிற போக்கில் சாப்பிடும் ஒரு வேளைச் சாப்பாடு அன்பளிப்புக் கணக்கில் வராது. தில்லியில் உட்கார்ந்து இதை எழுதியவர் ஆம்பூர்ப் பக்கம் வந்ததில்லை என்று தெரிகிறது. சீரகச் சம்பா, மட்டன், பக்கத்தில் கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி. இதைப் போகிற போக்கில் சாப்பிட்டுவிட்டுப் போனவர் எவரும் எங்கள் வட்டாரத்தில் இல்லை. கட்டட அனுமதிக்கு இடத்தைப் பார்வையிட வந்த அலுவலர் ஒரு தட்டு சாப்பிட்டால் விருந்தோம்பல், சரி. வீட்டுக்கு ஐந்து பார்சல் கட்டினால்? அளவு நாடாவைப் பிடித்த தம்பிக்கும் ஒன்று கட்டினால்? விதி எத்தனை பொட்டலம் வரை தாங்கும் என்று ஓர் அரசாணை வேண்டும்.

லுங்கி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு. பேர்ணாம்பட்டு, ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்கள் பாவம். எக்ஸ்போர்ட் சரக்கில் ஒரு ஜோடி கொடுக்க வேண்டுமானால்கூட "சைஸ் என்ன சார்?" என்று வாய் திறந்து கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியே சாட்சி ஆகிவிடும். நம் லுங்கிக்கு அளவு கிடையாது. ஆணையருக்குப் போனதும் அலுவலக உதவியாளருக்குப் போனதும் ஒன்றேதான்; மடித்துப் பைக்குள் வைத்தால் கோப்பு மாதிரி இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் லஞ்ச ஒழிப்புத் துறையினர் அலுவலகங்களில் திடீர்ச் சோதனைக்கு வருவது வருஷாவருஷம் நடக்கிற சடங்கு. கணக்கில் வராத ரொக்கத்தைப் பேப்பரில் படம் போடுவார்கள். கணக்கில் வராத லுங்கியை யாரும் படம் பிடித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சந்தேகம் உறவு. கல்யாணம், காரியம், சடங்கு என்றால் நெருங்கிய உறவினரும் அலுவல் தொடர்பில்லாத சொந்த நண்பரும் ஊர் வழக்கப்படி கொடுப்பதை வாங்கலாம், தொகை மீறினால் மேலிடத்துக்குத் தெரிவித்தால் போதும் என்கிறது மத்திய அரசின் அதே 13ஆம் விதி. எங்கள் ஊரில் உறவினர் அல்லாதவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தெருவிளக்கு ஒப்பந்ததாரர் இன்ஜினீயரை "மச்சான்" என்பார். குப்பை வண்டி ஒப்பந்ததாரர் கவுன்சிலரை "மாமா" என்பார். பில் பாஸ் ஆகும் வாரத்தில் இந்தப் பாசம் இன்னும் பெருகும். ஒப்பந்தத்தில் மன்ற உறுப்பினருக்குப் பங்கு இருந்தால் பதவி பறிபோகும் என்று 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமே எழுதிவைத்தது. அதனால்தான் பங்கு மச்சானிடம் இருக்கிறது, பதவி மாமாவிடம் இருக்கிறது. சட்டத்தை எங்கள் ஊர்போல மதிக்கும் ஊர் வேறு உண்டா?

வேலை போட்டுக் கொடுக்கும் விஷயத்தில் மட்டும் சொந்தபந்தத்துக்கு ஆதரவாக ஒரு வார்த்தை. 2025 அக்டோபரில் உங்கள் துறையின் 2,538 பணியிடங்களைப் பற்றி அமலாக்கத் துறை காவல் துறைக்கு ஒரு கடிதம் எழுதியது. சில வேலைகளுக்கு 25 முதல் 35 லட்சம் ரூபாய் வரை கைமாறியதாகக் குற்றச்சாட்டு. அரசு மறுத்தது; உண்மை எது என்பதை விசாரணை சொல்லட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: அக்காள் மகனுக்கு வேலை கொடுத்தால் ஒரு பைசா செலவில்லை. ஏழைகளுக்கு ஏற்ற முறை.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே நம் தமிழர் ஈஸ்வரன் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர். கார் பந்தய டிக்கெட், விஸ்கி, ஒரு மடக்கு சைக்கிள் என்று வாங்கிக்கொண்டார். 2024 அக்டோபர் 3 அன்று 12 மாதச் சிறை. சைக்கிளுக்கு ஜெயிலா என்று எங்கள் டீக்கடையில் பெரிய அதிர்ச்சி. வாங்கியதற்குப் பதிலாக அவர் என்ன சலுகை செய்தார் என்று நிரூபிக்கவே தேவையில்லையாம். தன் அலுவலோடு தொடர்புள்ளவரிடம் சும்மா வாங்கியதே குற்றமாம். அந்தச் சட்டம் 1860இல் நமக்காக வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவு. சிங்கப்பூர்க்காரர்கள் அதே எண்ணில் இன்னும் வைத்திருக்கிறார்கள். நாம் 1988இல் அதை ஊழல் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுக்குக் குடிமாற்றினோம். போன இடத்தில் சௌக்கியமா என்று எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1954இல் முதலமைச்சரான காமராசரை இடைத்தேர்தலில் சட்டமன்றத்துக்கு அனுப்பியது குடியாத்தம்தான். விருதுநகரில் அவர் தாயார் வீட்டுக்கு நகராட்சிக்காரர்கள் தனியாகக் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுக்க, அவர் அதை எடுக்கச் சொன்னார் என்பார்கள். உங்களுடையது குடிநீர் வழங்கல் துறை என்பதால் கேட்கிறேன்: ஆசையாகப் போட்ட குழாயைப் பிடுங்கினால் ஊழியர் மனம் என்ன பாடுபடும்? அந்த வருத்தத்தைத்தான் அதற்குப் பின் வந்தவர்கள் வட்டியும் முதலுமாகப் போக்கிவருகிறார்கள் போல.

விளையாட்டு போதும் ஐயா. நடத்தை விதிகள் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு. ஓட்டு வாங்கி வந்த கவுன்சிலருக்கு அப்படியொரு அன்பளிப்பு விதி எங்கே? ஊழியர் தெரிவிக்கும் அன்பளிப்பு விவரமும் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, அரசு அலுவலகங்கள் யாரும் கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. யார் யாரிடம் என்ன வாங்கினார், எந்த ஒப்பந்ததாரர் எந்த அலுவலருக்கு, எந்த உறுப்பினருக்கு என்ன உறவு என்பதை நகராட்சி வாசலில் ஒரு பலகையில் எழுதிவைக்க உத்தரவிடுங்கள். எங்கள் 36 வார்டுக்கும் ஒரே பலகை போதும். செலவை நாங்கள் கட்டும் வரியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

பலகைக்கான டெண்டரை மட்டும் தயவுசெய்து வெளியூர்க்காரர் யாருக்காவது கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உறவினர் அல்லாத ஒருவன்.