52ஆம் பிரிவு அவர்கள் சமூகத்துக்கு ஒரு விஞ்ஞாபனம்

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் வாசம் செய்யும் மகாராஜராஜஸ்ரீ 52ஆம் பிரிவு அவர்கள் சமூகத்துக்கு, கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகே வசிப்பவனும், ஒரேயொரு பழைய பிக்கப் வண்டியைத் தவிர வேறு அசையும் சொத்து இல்லாதவனும், அந்த வண்டியும் சில காலை வேளைகளில் அசையாச் சொத்தாகவே நின்றுவிடுவதைக் கண்டு பழகியவனுமாகிய அடியேன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

தங்கள் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரிகளை விட்டுவிட்டு நேரே தங்களுக்கே எழுதத் துணிந்ததை அகம்பாவமென்று எண்ணவேண்டாம். அவர்களிடம் எதைக் கேட்டாலும், 'நாங்கள் என்ன செய்ய, சட்டம் இடம் கொடுக்கவில்லையே' என்று மெய்யாகவே வருத்தப்பட்டுச் சொல்லுகிறார்கள். இடம் கொடுக்காதவர் இன்னாரென்று தெரிந்த பிறகு, அவரையே அணுகிக் கேட்பதல்லவா முறை?

விஷயம் இதுதான். என் வண்டி 1996ஆம் வருஷத்தில் பிறந்தது. பலாவும் அன்னாசியும் மிளகு மூட்டையும் ஏற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து நாமக்கல் போய்ச் சேர்வது அதன் ஜீவிதம். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். சமதரையில் டிரம் பிரேக்கைப் பற்றி யாரும் புகார் சொல்லமாட்டார்கள்; ஆனால் மலையிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது, வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து, மூடிய டிரம்முக்குள்ளே பிறந்த உஷ்ணம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுழன்று, டிரம் விரிந்து பட்டையை விட்டு விலகிப்போக, பட்டையும் சூட்டில் தன் பிடிப்பை இழந்துவிட, பெடல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு வண்டி தன் இஷ்டம்போல் போகிற அந்த அவஸ்தையை, தாங்கள் ஒருமுறை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாலொழிய எழுத்தில் விளக்குவது சாத்தியமில்லை. இரண்டாவது கியரிலேயே இறங்கி ஒருவாறு சமாளித்து வருகிறோம் என்பது வேறு விஷயம்.

இதே வம்சத்தில் பிற்காலத்தில் பிறந்த வண்டிகளுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சூடு ஏறினாலும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. காலுக்குத் துணையாக ஒரு பூஸ்டரும் வந்து, ஆள் பெடல்மேல் ஏறி நிற்கவேண்டிய நிர்ப்பந்தம் ஒழிந்தது. என் வண்டிக்கும் மூதாதையான, 1940களின் இறுதியில் பம்பாயில் வந்திறங்கிய வில்லிஸ் ஜீப்பின் சந்ததி நம் தேசத்தில் எத்தனையோ பேர்களில் பெருகியிருக்கிறது என்றாலும், குடும்ப ஜாடை மட்டும் மாறவில்லை. ஆகையால் இளையவனின் அங்கம் மூத்தவனுக்கு, லேத்தில் சிறிது கடைசல் பிடித்தால், பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. சென்னைப் புதுப்பேட்டையில் இப்படிப்பட்ட அங்கங்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. நாமக்கல்லிலே, வெறும் சேஸிஸுக்கு முழு லாரி பாடியையே கட்டி அனுப்புகிற ஊரிலே, இந்த வேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை.

அந்த மெக்கானிக்குகளில் ஒருவர் எனக்குக் கணக்கு சொன்னார். டிஸ்க் வேண்டுமென்றால் புதிய மாடலின் ஸ்டப் ஆக்ஸிலும் ஹப்பும் காலிப்பரும் வேண்டும். பூஸ்டர் வேண்டுமென்றால் அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டர் வேண்டும். பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் இஞ்சினானால் அது காற்றை உறிஞ்சும் வழியிலேயே வெற்றிடம் உண்டாகிவிடும், டீசல் இஞ்சினுக்கோ அந்தப் பாக்கியம் இல்லாததால் தனியாக ஒரு வாக்யூம் பம்ப் வேண்டும். அந்தப் பம்ப்போ புதிய மாடல் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிறது, எனவே ஆல்டர்னேட்டரும் வேண்டும். இத்தனையும் செய்தபின் பவர் ஸ்டியரிங்கையும் மாற்றாமல் விடுவது பாவம் என்பது அவருடைய அபிப்பிராயம். கல்யாணத்துக்குப் பெண்ணை மட்டும் அழைத்து வர முடியுமா என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

இங்கேதான் தங்கள் திருநாமம் பிரஸ்தாபத்துக்கு வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்ததற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது தங்கள் கட்டளையாம். உடனே ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். அதில் வண்டியின் நிறம் எழுதியிருக்கிறது. இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், சிலிண்டர்கள் எத்தனை, வெறும் எடை எவ்வளவு, எல்லாம் எழுதியிருக்கிறது. பிரேக் எந்த ஜாதி என்பதற்கு மட்டும் ஒரு கட்டமும் இல்லை. வண்டி நீலமா பச்சையா என்பதில் சர்க்காருக்கு உள்ள அக்கறை, அது நிற்குமா நிற்காதா என்பதில் இல்லைபோலும் என்று முதலில் நினைத்து, பிறகு அதுவே எனக்கு அநுகூலமென்று மகிழ்ந்தேன். பதிவில் இல்லாததை மாற்றினால் பதிவுக்கு எப்படி முரணாகும்? ஆனால் என் மகிழ்ச்சி அடுத்த வரியில் முடிந்தது. சரக்கு வண்டிக்கு டயர் அளவு பதிவாகியிருக்கிறது. என் வண்டிக்கு 16 அங்குல ரிம். பட்டறையில் அந்த ஹப்போடு ஜோடியாகக் கிடப்பது 15 அங்குலம். ஆக, பிரேக்கை மாற்றுவதைத் தாங்கள் கவனிக்கமாட்டீர்கள். பிரேக்கோடு வந்த சக்கரம் ஓர் அங்குலம் குறைந்ததைக் கவனித்துவிடுவீர்கள்.

மாற்றம் என்றால் என்ன என்பதற்குத் தாங்களே ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறீர்கள்: வண்டியின் அமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படை அம்சத்தையே வேறாக்கிவிடும் மாறுதல். என் வண்டியின் அடிப்படை அம்சம் எது என்று பல இரவுகள் யோசித்தேன். நினைத்த இடத்துக்கு அப்பால் போய் நிற்பதே அதன் அடிப்படை அம்சம் என்று இந்த மலையில் குழந்தையும் சொல்லும். அதை மாற்றத்தான் அடியேன் உத்தேசித்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தாங்கள் பிறவியிலேயே இவ்வளவு கண்டிப்பானவரல்ல என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 1988இல் அவதரித்தபோது தங்கள் குணமே வேறு. மாற்றம் செய்யப்போகிறவன் ஒரு கடிதம் போட்டு அறிவிப்பான். பதிவு அதிகாரி ஏழு நாளைக்குள் சம்மதமோ மறுப்போ தபாலில் தெரிவிக்கவேண்டும். ஏழு நாளும் ஒன்றும் வந்து சேரவில்லையென்றால் சம்மதம் கிடைத்ததாகவே கொள்ளலாம். துணைச்சாமான்களைச் சேர்ப்பதாலோ கழற்றுவதாலோ வெறும் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்படாத வித்தியாசம் வந்தால் கேட்கவே வேண்டியதில்லை. நம் காரியாலயங்களின் மௌனத்துக்குச் சட்டத்தில் ஒரு நல்ல அர்த்தம் கற்பித்த அந்தப் பெருந்தன்மையை எந்த வார்த்தையால் புகழ்வது! 2000ஆம் வருஷத்துத் திருத்தம் அதைத் தங்களிடமிருந்து பறித்துக்கொண்டது. பதிவிலுள்ள விவரங்களில் தயாரிப்பாளர் ஆதியில் வகுத்ததற்கு மாறாக ஒன்றும் இருக்கக்கூடாது என்றாயிற்று. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தத்தில் 182அ என்ற தங்கள் சகோதரர் ஒருவர் பிறந்து, விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது இரண்டும் என்று சொல்லிவிட்டார். இடது சக்கரத்து டிஸ்க்கும் வலது சக்கரத்து டிஸ்க்கும் ஒரு மாற்றமா, இரண்டு மாற்றமா என்பதை மட்டும் அவரிடம் கேட்டுச் சொன்னால், பணம் சேர்த்து வைக்க வசதியாக இருக்கும்.

தங்கள் கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. சேஸிஸை அறுத்து நீட்டி வெல்டு வைத்தவர்களையும், பக்கப் பலகையை ஆள் உயரத்துக்கு உயர்த்தி இரட்டிப்புப் பாரம் ஏற்றியவர்களையும், எதிரே வருகிறவன் கண் அவிந்துபோகும்படி விளக்குகள் மாட்டியவர்களையும் நானும் பார்த்திருக்கிறேன். அவர்களை எத்தனை தண்டித்தாலும் தகும். ஆனால் என் வண்டியின் தயாரிப்பாளரே 'அன்று செய்தது போதவில்லை' என்று உணர்ந்து அடுத்தடுத்த மாடல்களில் திருத்திக்கொண்டதை, அவர் கையாலேயே செய்ததை, அவருடைய பழைய வண்டியிலேயே மாட்டுவது அவருக்கு விரோதமான செயலென்று எப்படிச் சொல்லுவது? அவர் கைவிட்ட அபிப்பிராயத்தை அவருக்காகத் தாங்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தங்களிடம் கருணை அடியோடு வற்றிவிடவில்லை என்பதற்கும் சாட்சியம் உண்டு. உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மாற்றுக் கருவி பொருத்தி, எரிவாயுவாலும் பாட்டரியாலும், சூரிய சக்தியாலும்கூட வண்டியை ஓட்ட இஞ்சினைத் திருத்திக்கொள்ளலாம் என்று தங்கள் வாசகத்திலேயே இருக்கிறது. பலாப்பழ வண்டியைச் சூரிய பகவானைக் கொண்டு ஓட்டுவதற்கு வழி சொல்லியிருக்கிறீர்கள். அதை நிறுத்துவதற்குத்தான் வழி சொல்லவில்லை. எப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோனால், பின்னால் மின்னும் ஒட்டுப்பட்டை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சிரத்தையோடு பார்க்கிறார். உத்தமமான காரியம். அந்தப் பட்டை பின்னால் வருகிறவனைக் காப்பாற்றும். எனக்கு முன்னால் போகிறவனைக் காப்பாற்ற நான் அவன் முதுகில் என்ன ஒட்டுவது?

கடைசியாக ஒரு சந்தேகம். பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகளுக்குச் சொந்தக்காரராக இருப்பவர், மாநில அரசு அறிவிக்கை வெளியிட்டு அனுமதித்தால், பதிவு அதிகாரியின் சம்மதமில்லாமலே தம் வண்டியின் இஞ்சினை மாற்றிக்கொள்ளலாம் என்று தங்களுடைய இரண்டாவது உட்பிரிவு சொல்லுகிறது. பத்து வண்டி வைத்திருப்பவர் தவறு செய்யமாட்டார், ஒன்று வைத்திருப்பவன்தான் செய்வான் என்ற இந்த அநுபவ ஞானத்துக்குத் தலைவணங்குகிறேன். எங்கள் பக்கத்தில் என்னைப்போல் ஒற்றை வண்டிக்காரர்கள் ஒன்பது பேரைத் தேடிப் பிடித்து, பத்து வண்டிகளையும், வாகனம் ஏறினால் தலைசுற்றுமென்று சந்தைக்கும் நடந்தே போகிற என் பெரியம்மாவின் பெயருக்கு எழுதிவைத்துவிட ஒரு யோசனை உண்டு. ஆனால் அங்கேயும் அதே தயாரிப்பு, அதே வகை இஞ்சினைத்தான் மாட்டவேண்டுமாம். பழைய இஞ்சினைக் கழற்றிவிட்டு அதற்குச் சமவயதான இன்னொரு பழைய இஞ்சினை மாட்டும் சுதந்திரம்தான் பெரியம்மாவுக்குக் கிடைக்கும். பிரேக்கைப் பற்றி அவருக்கும் ஒரு வார்த்தை இல்லை. ஆகவே அவரைத் தொந்தரவு செய்யலாமா வேண்டாமா என்பதைத் தாங்கள் தபாலில் தெரிவித்தால், எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

இப்படிக்கு,
ஒன்பது வண்டிகள் குறைவாக உள்ள,
தங்கள் கீழ்ப்படிந்த பிரஜை