பூமியை நிறுத்த அறை

கேள்வி: பூமியின் எடை இவ்வளவு என்கிறார்களே, எந்தத் தராசில் வைத்து நிறுத்தார்கள்?

பதில்: லண்டனை ஒட்டிய கிளாப்பத்தில், ஒரு மூடிய அறைக்குள்! 1797-ல் ஹென்றி கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி ஆறடி மரக்கம்பு ஒன்றை மெல்லிய கம்பியில் தொங்கவிட்டார். கம்பின் இரு முனைகளிலும் சின்ன ஈயக் குண்டுகள். அவற்றுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ எடையுள்ள பெரிய குண்டுகள். பெரியது சின்னதை இழுக்க, கம்பு சில மில்லிமீட்டர் திரும்பியது. ஆள் உள்ளே போனால் உடம்புச் சூட்டில் காற்று அசைந்து கணக்கையே கெடுத்துவிடும். அதனால் மனிதர் வெளியே நின்று, சுவரில் துளை போட்டுத் தொலைநோக்கியில் பார்த்தார். என்ன பொறுமை!

கருவியை முதலில் வடிவமைத்தவர் ஜான் மிச்செல் என்ற பாதிரியார். சோதித்துப் பார்க்குமுன் 1793-ல் இறந்துவிட்டார்.

குண்டின் இழுப்பையும் பூமியின் இழுப்பையும் ஒப்பிட்டு, பூமி தண்ணீரைப்போல 5.48 மடங்கு அடர்த்தி என்று 1798-ல் கேவண்டிஷ் அறிவித்தார். இன்றைய கணக்கு 5.51! அதைப் பூமியின் கன அளவால் பெருக்கினால் எடை வந்துவிடும்: 6 போட்டு, பக்கத்தில் 24 சைபர், அத்தனை கிலோ. இன்னொன்றும் கிடைத்தது. நம் காலடிப் பாறைகளின் அடர்த்தி தண்ணீரைப்போல மூன்று மடங்குகூடத் தேறாது. அப்படியென்றால் மீதிக் கனமெல்லாம் உள்ளே, ஆழத்தில்தான் இருந்தாக வேண்டும். அது பெரும்பாலும் இரும்பு.