பெட்டியும் ஒரு பாடம்தான்

கேள்வி: நியூஜெர்சியில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளை, எல்லிஸ் தீவில் வந்திறங்கியவர்கள்போல் வேஷம் போட்டு, கையில் ஒரு பெட்டியோடு வரச் சொல்கிறார்கள். இது பாடமா, மாறுவேடப் போட்டியா?

பதில்: பாடம்தான் அம்மா, அதுவும் உசத்தியான பாடம்! 1892 முதல் 1954 வரை அந்தத் தீவு வழியாக அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர். இந்த எண்ணைப் பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளை மறந்துவிடும். சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்துப் போட்டால் மறக்குமா? அங்கே அப்படித்தான் போட்டார்கள். மூட்டையோடு படியேறும்போது மூச்சு வாங்குகிறதா, கால் இழுக்கிறதா என்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். இதயத்தில் சந்தேகமென்றால் ‘எச்’, கண்ணில் என்றால் ‘இ’. கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தப்பியவர்களும் உண்டு. முதல் வகுப்புப் பயணிகளுக்கு இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. கப்பலிலேயே சோதனை முடிந்துவிடும். வகுப்பில் நாலு பேரை மட்டும் வரிசையில் நிற்காமல் அனுப்பிப் பாருங்கள், மீதிப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அந்தக் கோபம்தான் பாடம்.

அடிமைக் கப்பலை மட்டும் இப்படி நடிக்க வைக்கக் கூடாது. அதில் இருந்தவர்கள் குடியேற வந்தவர்கள் அல்ல, பிடித்து வரப்பட்டவர்கள்.

பெட்டிக்காகக் கடைக்குப் போகாதீர்கள். நீங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டி பேஸ்மென்ட்டில்தானே கிடக்கும்? எடுத்துவந்து திறந்து காட்டுங்கள். மூலையில் ஊறுகாய் எண்ணெய் கசிந்த கறை இன்னும் இருந்தால், அது யார் போட்ட ஊறுகாய் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.