பத்தடி அண்ணாச்சி

தாமிரபரணிக் கரையில் ஒருவர் காலையில் "நூத்தி முப்பத்திரெண்டு" என்று சொன்னால் அது பாபநாசம் அணையின் நீர்மட்டம்தான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. முழு நீர்மட்டம் 143 அடி. நூறைத் தாண்டினால் டீக்கடையில் பேச்சு சுகமாக இருக்கும். நூற்று முப்பதைத் தாண்டினால் கடன் கொடுத்தவன்கூடச் சிரிப்பான்.

இது தெரிந்தும் 2019 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, பத்தடி அண்ணாச்சி டீக்கடைக்குள் நுழைந்து, "நூத்தி முப்பத்திரெண்டு, நூத்தி முப்பத்தொண்ணு! ஒண்ணே ஒண்ணுவே!" என்று கத்தினார். பெஞ்சில் இருந்த சம்சாரி ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "ஒரு ராத்திரியில ஒரு அடி இறங்கிட்டா? எவம்லே மதகைத் திறந்தது?"

அண்ணாச்சி சொன்னது மும்பைக் கணக்கு. முந்தின நாள் அங்கே இந்தியானா பேசர்ஸ், சாக்ரமெண்டோ கிங்ஸை ஓவர்டைமில் ஒரு பாயிண்டில் வென்றிருந்தது. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் இந்திய மண்ணில் ஆடிய முதல் ஆட்டம் அது. சம்சாரிக்கு இதை விளக்கக் கால் மணி நேரமானது. கடைசியில் அவர் கேட்டார்: "அப்ப அணையில எவ்வளவு?"

அண்ணாச்சியின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து பத்தடி என்பதை ஊருக்கே பாடம் எடுத்ததில் அந்தப் பத்தடி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மில்லில் ஷிப்டு பார்த்து ஓய்ந்தவர். இளவயதில் பாளையங்கோட்டையில் படித்தபோது பிடித்த கிறுக்கு. "ஆடியிருக்கீங்களா அண்ணாச்சி?" என்றால், "வெளிய போற பந்தையெல்லாம் நான்தான்வே எடுத்துக் கொடுப்பேன்" என்பார், ஒரு சாதனையைச் சொல்லும் குரலில்.

கிரிக்கெட் ரசிகனுக்குச் சண்டை போட ஊரே இருக்கிறது. எங்கள் பக்கத்து வாலிபால், கபடி ரசிகனுக்குக் கொடை விழாதோறும் ஒரு ஆட்டமாவது உண்டு. கூடைப்பந்து ரசிகன்தான் பாவம், ஊருக்கு ஒருவன். தானே ஒரு கட்சி, தானே எதிர்க்கட்சி. கல்யாண வீட்டில் ஆறடிக்கு மேல் ஒரு பையன் தென்பட்டால் அண்ணாச்சி சாப்பாட்டுப் பந்தியை விட்டு எழுந்து போய், பெண்ணுக்கு வரன் தேடும் பெரியப்பா மாதிரி தோளைத் தொட்டுப் பார்ப்பார். "தம்பி என்ன பண்ணுதீக?" பையன், "வாலிபால் ஆடுறேன் தாத்தா" என்றால் முகம் தொங்கிவிடும். "இவ்வளவு உயரத்தையும் வீணாக்கிட்டான்வே."

அவருக்குப் புண்ணிய ஸ்தலம் பெரியகுளம். கோடையில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு, தென்காசி, ராஜபாளையம், தேனி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேருவார். அங்கே விளக்கு வெளிச்சத்தில் மோதுகிற அணிகளின் பெயரைக் கேட்டால் புதியவனுக்குக் குழப்பம் வரும். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, விமானப்படை, கேரள மின்வாரியம். அமெரிக்காவில் காலேஜில் நன்றாக ஆடுகிறவன் கோடிக்குப் போவான். நம் ஊரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கிக்கோ ரயில்வேக்கோ போவான். நம்முடைய தொழில்முறை ஆட்டம் என்பது பெரும்பாலும் இதுதான்: மாதச் சம்பளம், பி.எஃப்., சாயங்காலம் பிராக்டீஸ். லீக் என்ற பெயரில் தனியார் வந்து பார்த்ததுண்டு. அண்ணாச்சி அவற்றை நம்புவதில்லை. "பென்ஷன் இருக்காவே அதுல?"

அதனால் வங்கிகளை அவர் வங்கிகளாகவே பார்ப்பதில்லை. அவர் கணக்கு வைத்திருப்பது இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில். வட்டி விகிதம் என்னவென்று தெரியாது. சென்டர் ஆடுகிறவனின் உயரம் தெரியும். மகன் இந்தியன் வங்கியில் வீட்டுக்கடன் வாங்கிய அன்று, எதிர் அணியில் போய்ச் சேர்ந்துவிட்டானே என்று ராத்திரி சாப்பிடவில்லை. 2019 ஏப்ரலில் விஜயா வங்கியைப் பரோடா வங்கியோடு இணைத்தபோது நாடு வாராக்கடனைப் பற்றிப் பேசியது. அண்ணாச்சி, "பெங்களூர்ல நல்ல டீம்வே அது. இனி என்ன பேருல ஆடுவானுக?" என்று துக்கம் காத்தார்.

நல்ல நாட்களும் உண்டு. 2014-ல் வூஹானில் சீனாவையே 65-58 என்று இந்தியா சாய்த்தபோது தெருவுக்கு அல்வா. கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோதும் அல்வா. அவர் சென்னைக்காரர் என்று சொல்லிப் பார்த்தோம். "பால்துரைங்கிற பேரு எந்தச் சீமையில விளையும்னு எனக்குத் தெரியாதா?" என்று உரிமை கொண்டாடினார். சத்னம் சிங் சமாசாரம்தான் கசப்பு. பஞ்சாப் கிராமத்து ஏழடிப் பையனை 2015-ல் டல்லாஸ் மாவரிக்ஸ் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவனை என்பிஏ அணி எடுத்தது அதுவே முதல் முறை. ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட இறங்காமல் கடைசியில் அவன் அமெரிக்க மல்யுத்த மேடைக்குப் போய்விட்டான். அவன் தேர்வான அன்று தெருவுக்குக் கொடுத்த அல்வாவின் காசை அண்ணாச்சி இன்னும் மறக்கவில்லை.

இப்படித் தனி மரமாக இருந்தவருக்கு ஒரு துணையும் வந்தது. பாபநாசம் பவர்ஹவுஸுக்கு மாற்றலாகி வந்த இன்ஜினியர், கோவையில் படிக்கும்போது பிஎஸ்ஜி கோப்பை ஆட்டங்களை விடாமல் பார்த்தவர். முதல் நாள் இருவரும் படித்துறையில் பேச உட்கார்ந்து, இருட்டியும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சியை அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு வாரம் போயிருக்கும், பேச்சு நின்றுவிட்டது.

காரணம், இன்ஜினியர் காலேஜ் ஆட்டக் கட்சி. மார்ச்சில் 68 அமெரிக்கக் காலேஜ்கள் மோதும் போட்டிதான் போட்டி, ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டும், அதில்தான் உயிர் இருக்கிறது என்றார். அண்ணாச்சி என்பிஏ கட்சி. "ஒரு நாள் அதிர்ஷ்டத்துல ஜெயிச்சா அதுக்குப் பேரு லாட்டரி. ஏழு ஆட்டம் ஆடி நாலு ஜெயிச்சுக் காட்டச் சொல்லும்." இன்ஜினியர் விடவில்லை: "தோத்தா பையன் துண்டை முகத்துல போட்டுக்கிட்டு அழுறான் சார். உங்க ஆளு 82 ஆட்டம் ஆடுறான், எதுக்காவது அழுறானா?" அண்ணாச்சி சொன்னதுதான் உறவை முறித்தது: "2021-லேயே காலேஜ் பையலும் விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு விட்டாச்சே. அந்தத் துண்டும் ஏதாவது கம்பெனித் துண்டாத்தான் இருக்கும்."

அடுத்த ஜூன், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. என்பிஏ இறுதிப் போட்டி நம் நேரத்துக்கு ஆறு மணிவாக்கில் தொடங்கும். நான்காவது குவார்ட்டர், மூன்று நிமிடம் பாக்கி, கரண்ட் போய்விட்டது. அண்ணாச்சி சட்டைகூடப் போடாமல் தெருவுக்கு வந்து நின்றார்.

"அவன் வேலைதான்வே இது."

பவர்ஹவுஸ்காரர் கரண்டை உண்டாக்குகிறவர், தெருவில் நிறுத்துகிற ஆள் வேறு என்று எடுத்துச் சொன்னோம்.

"உண்டாக்கத் தெரிஞ்சவனுக்கு நிறுத்தத் தெரியாதா?" என்றார்.